காசியா, கொல்கத்தாவா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பொங்கல் முடிந்து நானும் அக்காவும் கொல்கத்தா போய் வந்த படங்களைப் போட்டிருந்தேன் அல்லவா? சொந்தத்தில் இரண்டு மூன்று பேருக்கு வருத்தம். "78 வயசு அக்காவைக் காசிக்குக் கூட்டிட்டுப் போகாம, உன் ஆசைக்குக் கொல்கத்தாவுக்கு இழுத்துட்டுப் போயிட்டியே" என்று ஒருவர் போனிலேயே கேட்டுவிட்டார். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மகளுக்குப் பிப்ரவரியில் பிரசவம். அதனால் எனக்குக் கிடைத்தது ஐந்தே நாள். போகவர இரண்டு நாள் கழித்தால் ஊர் பார்க்க மூன்று நாள். பழைய வாத்தியார் புத்தி விடுமா? நோட்டில் நடுவே கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதினேன்.

காசி: விசுவநாதர், விசாலாட்சி, 80க்கு மேற்பட்ட படித்துறைகள், கங்கை வடக்கு நோக்கித் திரும்பி ஓடும் இடம், பக்கத்திலேயே சாரநாத். சிரமம்: எங்கும் படிகள், ஆட்டோ நுழையாத சந்துகள், ஜனவரிப் பனிமூட்டத்தில் ரயிலும் விமானமும் தாமதமாகும்.

கொல்கத்தா: ஹவுரா பாலம், 1814இல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகம், டிராம் வண்டி, விக்டோரியா நினைவு மண்டபம். குளிர் கம்மி. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரம். சிரமம்: கூட்டம், இரைச்சல்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமே, ஹவுராவிலிருந்து காசிக்கு ஓர் இரவு ரயில்தானே என்றான் தம்பி மகன். மூன்று நாளில் இரண்டு ஊர் என்றால் இரண்டு ரயில் நிலையங்களைத்தான் பார்க்க முடியும். வேண்டாம் என்றுவிட்டேன்.

எனக்கு ஆசை கொல்கத்தாதான். 34 வருடம் வரலாறும் புவியியலும் நடத்தியவன். 1911 வரை நாட்டின் தலைநகராக இருந்த ஊரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அக்காவுக்குக் காசிதான் பிடிக்கும் என்று நானே வைத்துக்கொண்டேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் எல்லோரும் காசி என்றே சொன்னார்கள். என் ஆசையை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டிக்கெட் போடப் போகும் முன் ஆதார் அட்டை வாங்க அக்கா வீட்டுக்குப் போனேன். அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு அக்கா கேட்டாள்: "ஏல தம்பி, அந்த நட்டு போல்ட்டு இல்லாத பாலம் காசிலயா இருக்கு?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்ததும் பேச்சு வரவில்லை.

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். அப்பா போன பிறகு பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தாள். ராத்திரி அரிக்கேன் விளக்கில் அவள் மடியில் பீடித்தட்டு, என் மடியில் புத்தகம். "சத்தம் போட்டுப் படில, எனக்குத் தூக்கம் வராம இருக்கும்" என்பாள். நான் பரீட்சைக்குப் படித்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஹவுரா பாலம் 1943இல் திறந்தது, நட்டு போல்ட்டு கிடையாது என்று நான் கத்தியது ஐம்பத்தைந்து வருடத்துக்கு மேலாக அவள் தலைக்குள் இருந்திருக்கிறது.

"அப்போ காசி வேண்டாமாக்கா?"

"காசிக்குப் போவணும்னு நான் எப்ப சொன்னேன்? நீங்களா பேசிக்கிட்டீங்க. வயசாயிட்டா காசிக்குத்தான் போவணுமா? எனக்கு அந்தப் பாலத்தைப் பாக்கணும். டிராம்ல ஏறணும்."

அவ்வளவுதான். நோட்டு, கோடு எல்லாம் வீண்.

நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து விமானம். முதல் நாள் சாயங்காலமே பாலத்துக்குப் போனோம். அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரும்பையே பார்த்தாள். "சரில, போல்ட்டு இல்ல. அப்போ எதை வச்சுச் சேத்திருக்கான்?"

எத்தனையோ பேருக்கு இந்தப் பாடம் நடத்தியிருக்கிறேன். 'நட்டு போல்ட்டு இல்லாத பாலம்' என்று எழுதினால் ஒரு மதிப்பெண். வேறு எதனால் சேர்த்தார்கள் என்று நானும் சொன்னதில்லை, ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. இரும்பில் வரிசை வரிசையாகத் தெரிந்த குமிழ்களைக் காட்டி, பழுக்கக் காய்ச்சி அடித்த தறையாணிகள் அவை என்றேன். "நம்ம ஊர்க் கொல்லன் அருவாளுக்குப் பிடி அடிக்கானே, அது மாதிரி" என்றாள். அவ்வளவு எளிதாக நான் வகுப்பில் சொன்னதில்லை.

மறுநாள் டிராம். 1873இல் முதன்முதலில் ஓடிய ஊர். 2024இல் மாநில அரசு மைதானத்தை ஒட்டிய ஒரு பாதையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. எஸ்பிளனேடில் ஏறினோம். ஜன்னலோரத்தில் அக்கா. நடக்கிற ஆள் நம்மை முந்திவிடுவான், அந்த வேகம். "இதுதாம்ல என் வேகம்" என்று சிரித்தாள்.

மூன்றாம் நாள், ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோ. ஆற்றுக்கடியில் வண்டி கடப்பது முக்கால் நிமிடம்கூட இருக்காது. அக்கா தலைக்கு மேலே பார்த்துக் கைகூப்பினாள். கேட்டதற்கு, "நீதானல சொன்ன, கங்கைதான் பிரிஞ்சு இங்க வருதுன்னு" என்றாள்.

திரும்பி வந்த பிறகு ஒரு நினைப்பு என்னை விடவில்லை. கடைசி பெஞ்சில் கை தூக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை என்று நினைத்தே எத்தனை வகுப்புகளை முடித்திருக்கிறேன்! உங்களில் சிலரையும் அப்படி விட்டிருப்பேன். மன்னித்துக்கொள்ளுங்கள். என் வீட்டிலேயே ஒருத்தி அப்படி இருந்திருக்கிறாள்.

எந்த ஊருக்குப் போகலாம் என்று உங்களில் பலர் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. தூரம், செலவு, குளிர், படிகள் எல்லாம் பாருங்கள், தப்பில்லை. நாள் குறைவென்றால் ஒரே ஊரோடு நில்லுங்கள். அதற்கெல்லாம் முன்னால், வீட்டில் மூத்தவர்களிடம் எங்கே போக ஆசை என்று ஒருதரம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குவார்கள். கொஞ்சம் காத்திருந்து மறுபடியும் கேளுங்கள். அவர்கள் சொன்ன ஊரை இங்கே எழுதுங்கள். அக்காவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

வருத்தப்பட்ட உறவுகளுக்கு ஒன்று: காசிக்கு எப்போது போகலாம் என்று இந்த முறை அக்காவிடமே கேட்டேன். "பிள்ளை பிறக்கட்டும். பிறகு டார்ஜிலிங் பொம்மை ரயில் பாத்துட்டு, அதுக்கப்புறம் யோசிப்போம்" என்றிருக்கிறாள்.