பத்திரத்தில் ஒரு பெயர்

தில்லியில் வீடு வாங்கும் நடுத்தரக் குடும்பங்கள் பத்திரப் பதிவு என்று வந்தால் மனைவியை முன்னால் நிறுத்துகின்றன. காரணம் பெண்ணுரிமை அல்ல, முத்திரைத் தீர்வை. பெண் பெயரில் பதிவு செய்தால் ஆண் பெயருக்கு ஆவதைவிட 2 சதவீதம் குறைவு. ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு 2 லட்சம் மிச்சம். அந்தப் பணத்தில் சமையலறைக்கு மேடையும் அலமாரியும் போட்டுக்கொள்ளலாம்.

நாங்களும் அந்தக் கணக்கைத்தான் போட்டோம். தில்லியில் இருபது வருடம் வாடகை வீடுகளில் இருந்தவர்கள் நாங்கள். ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதால் இங்கே எல்லா ஒப்பந்தமும் 11 மாதத்துக்குத்தான். பத்தாவது மாதம் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தாலே வயிற்றைக் கலக்கும். வாடகையை ஏற்றுவாரா, காலி செய்யச் சொல்வாரா? கடைசியில், யமுனைக்குக் கிழக்கே மயூர் விஹாரில், தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய பழைய குடியிருப்பு ஒன்றில் இரண்டாம் மாடி வீடு அமைந்தது. லிஃப்ட் கிடையாது. தண்ணீர் காலையில் இரண்டு மணி நேரம். மோட்டார் போட மறந்தால் அன்றைக்குத் துவைப்பது இல்லை. சுவரில் ஆணி அடித்தால் உள்ளங்கையளவு சுண்ணாம்பு பெயர்ந்து விழும். ஆனாலும் யாரிடமும் கேட்காமல் ஆணி அடிக்க முடிந்ததே, அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

வீடு என் பெயரில். மொழிபெயர்ப்பிலும் பத்திரிகை வேலையிலும் வருகிற என் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். கடன் தவணையில் பெரும்பகுதி என் கணவரின் சம்பளத்திலிருந்து போகிறது. முன்பணத்தில் பாதி, நான் பதினைந்து வருடமாகச் சேர்த்தது. ஆகவே ‘உன் வீடு’, ‘என் வீடு’ என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

ஆனால் ஊர் பேசியது. வந்த முதல் வாரமே குடியிருப்போர் நலச் சங்கத்திலிருந்து ஒருவர் படிவத்தோடு வந்தார். வீட்டு உரிமையாளர் என்ற இடத்தில், கேட்காமலே என் கணவர் பெயரை எழுதினார். “வீடு என் பெயரில்தான் இருக்கிறது” என்றேன். சிரித்துக்கொண்டே, “அது காகிதத்துக்குத்தானே” என்றார் இந்தியில். பிளம்பர், எலக்ட்ரீஷியன், கேபிள்காரப் பையன் எல்லோரும் கதவைத் திறந்ததும் கேட்பது “சாப் இல்லையா?” என்றுதான். உரிமையாளருக்கு இந்தியில் ‘மாலிக்’ என்கிறார்கள். அதன் பெண்பால் ‘மால்கின்’. வீட்டு வேலைக்கு வருகிற பெண் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். அவள் வேலை பார்க்கும் மற்ற வீடுகளில் இருப்பவர்களும் அவளுக்கு ‘மால்கின்’தான், வீடு யார் பெயரில் இருந்தாலும்.

பெட்டிகள் பாதி பிரிந்தும் பிரியாமலும் கிடந்த நேரத்தில் வீட்டுத் தரகர் வந்தார். மின் இணைப்புக்கும் தண்ணீர் இணைப்புக்கும் பெயர் மாற்ற வேண்டிய தாள்கள். அவற்றுக்குக் கீழே முத்திரைத்தாளில் தட்டச்சு செய்த இன்னொன்று. “இங்கே, இங்கே கையெழுத்துப் போடுங்கள். எல்லோரும் செய்வதுதான்.” வாசிப்பது என் தொழில். உட்கார்ந்து படித்தேன். அது பொது அதிகாரப் பத்திரம். இந்த வீட்டை வாடகைக்கு விட, அடகு வைக்க, விற்க, விற்ற பணத்தைப் பெற்றுக்கொள்ள என் சார்பில் என் கணவருக்கு அதிகாரம் அளிக்கிறேன் என்றது.

“அப்புறம் பார்க்கலாம்” என்று அனுப்பிவிட்டேன். என் கணவருக்கு இது முன்பே தெரிந்திருந்தது. “நீ ஒவ்வொரு ஆபீஸா அலைய வேண்டாமேன்னுதான் சொன்னேன். இதுல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லேன்னா எதுக்கு எழுதணும்?”

“நான் உன் வீட்டை வித்துடுவேன்னு நினைக்கிறியா?”

இல்லை, நினைக்கவில்லை. அதை எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. இரண்டு நாள் நாங்கள் சாமான்களைப் பற்றி மட்டும் பேசினோம். பருப்பு டப்பா எந்தப் பெட்டியில், திரைச்சீலைக் கம்பி எங்கே.

என் மனதில் இருந்தது அவர் அல்ல, என் அம்மா. அப்பாவுக்குத் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. குவார்ட்டர்ஸ் வாசம். 1986இல் திருவெறும்பூர் பக்கம் மனை வாங்கியபோது அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியும் வளையல்களும் போயின. பத்திரம் அப்பா பெயரில். அதில் யாருக்கும் வித்தியாசமாக எதுவும் தோன்றவில்லை, அம்மாவுக்கும். 2011இல் அப்பா காலமானார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. நாங்கள் மூன்று பேர். ஆகவே தன் நகையில் எழும்பிய வீட்டில் அம்மாவுக்கு நான்கில் ஒரு பங்கு. முழு வீடும் அவள் பெயருக்கு வர நாங்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம். கையெழுத்துப் போட என் அண்ணன் துபாயிலிருந்து வரும்வரை எட்டு மாதம் அம்மா காத்திருந்தாள். அவள் பிள்ளைகள் நல்லவர்கள். ஆனால் பிள்ளைகளின் நல்ல குணத்தை நம்பித்தான் ஒருத்தி தன் வீட்டில் இருக்க வேண்டுமா?

தமிழ் எம்.ஏ. வகுப்பில் ‘இல்லாள்’ என்ற சொல்லை இரண்டு விதமாகப் பொருள் கொண்டு பார்ப்போம். இல்லத்துக்கு உரியவள் என்பது ஒன்று. ஏதும் இல்லாதவள் என்பது மற்றொன்று. அன்று அது சொல் விளையாட்டு. என் அம்மாவுக்கு அந்த வீட்டில் இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் பொருந்தியிருந்தன.

மூன்றாம் நாள் இரவு இதையெல்லாம் என் கணவரிடம் சொன்னேன். நம்பிக்கை இல்லாததால் அல்ல, நம்பிக்கைக்கும் காகிதத்துக்கும் வேறு வேறு வேலை இருப்பதால் என்றேன். நீண்ட நேரம் கழித்து, “என் தங்கை வந்து கேட்டிருந்தா கையெழுத்துப் போடாதேன்னுதான் சொல்லியிருப்பேன்” என்றார். தாளை அவரே இரண்டாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். மறுநாள் மின் அலுவலகத்துக்கு நான் போனேன். வரிசையில் இரண்டு மணி நேரம். அலைச்சல்தான். அதிகாரம் என்றால் கொஞ்சம் அலைச்சலும் சேர்ந்ததுதான் போலும்.

தமிழ்நாட்டிலும் 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை தருகிறார்கள். பணம் மிச்சம் என்பதற்காகவே பல பெண்களின் பெயர் பத்திரம் ஏறும். ஏறட்டும். ஆனால் அந்தப் பெயரை ஒரு கையெழுத்தில் இறக்கிவிட முடியும் என்பதையும் அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். எந்தத் தாள் வந்தாலும் முழுவதும் படியுங்கள். புரியாவிட்டால் புரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

குளிர் குறைந்த பிறகு அம்மா வந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், பால்கனியில் நின்று மெட்ரோ ரயில் போவதைப் பார்த்தாள். பிறகு பத்திரத்தைக் காட்டச் சொன்னாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. “இதுல உன் பேரு எங்கேடி இருக்கு?” என்றாள். காட்டினேன். இன்னாரின் மனைவி என்றும் பக்கத்தில் போட்டிருந்தது, அதைச் சொல்லவில்லை. என் பெயர் மேல் விரலை ஓட்டிவிட்டுக் கவரில் போட்டுத் திருப்பித் தந்தாள்.

“பத்திரத்தைப் பத்திரமா வை” என்றாள்.