தட்டச்சின் நடுவே துள்ளும் கர்சர்

மதுரையில் நண்பர் நடத்தும் டிடிபி கடை. உபுண்டு போட்ட லேப்டாப் ஒன்றைக் காட்டி, "இங்க அடிக்கிறேன் அண்ணே, எழுத்து மூணு வரிக்கு மேல போய் விழுது" என்றார் ஆபரேட்டர். தமிழ்99 விசைப்பலகைதான் கெடுக்கிறது என்பது நண்பரின் தீர்ப்பு. ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னேன்; அப்போதும் துள்ளியது. பார்த்தால், கட்டைவிரலுக்குக் கீழுள்ள சதை டச்பேடில் உரசி கிளிக்காகிக்கொண்டிருந்தது.

செட்டிங்ஸில் தட்டினால் கிளிக்காகும் வசதி ஆனில் இருந்தது. தட்டச்சின்போது டச்பேடை முடக்கும் வசதியும் ஆன்தான். பிறகெப்படி? லினக்ஸில் இதைக் கவனிப்பது லிப்இன்புட் என்ற மென்பொருள். ஒரு விசையைத் தட்டினால் 200 மில்லிசெகண்டும், தொடர்ந்து அடித்தால் கடைசி விசைக்குப் பின் 500 மில்லிசெகண்டும் டச்பேட் சொல்வதை அது காதில் வாங்காது. ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்ற விசைகளுக்கு விலக்கு உண்டு. கன்ட்ரோலை அழுத்தியபடி கிளிக் செய்ய வேண்டியிருக்குமே!

டெர்மினலில் சூடோ சேர்த்து 'லிப்இன்புட் டிபக்-ஈவென்ட்ஸ்' ஓடவிட்டேன். முதலில் சாதனங்களின் பட்டியல் எண்களோடு வருகிறது; பிறகு ஒவ்வொரு தட்டலும் எந்தச் சாதனத்திலிருந்து வந்தது என்று ஓடுகிறது. ஆபரேட்டர் அடித்ததெல்லாம் லேப்டாப் கீபோர்டின் எண்ணில் வரவில்லை. 'கீடி விர்ச்சுவல் கீபோர்டு' என்ற சாதனத்தின் எண்ணில் வந்தது.

குட்டு வெளிப்பட்டது. கேப்ஸ் லாக்கை பேக்ஸ்பேஸாக்க யாரோ கீடி என்ற விசை மாற்றும் மென்பொருளைப் போட்டிருக்கிறார்கள். அது நிஜக் கீபோர்டைத் தன் பிடியில் எடுத்துக்கொண்டு, விசைகளை ஒரு போலிக் கீபோர்டு வழியாக அனுப்புகிறது. லிப்இன்புட்டோ லேப்டாப்போடு சேர்ந்த கீபோர்டில் அடித்தால்தான் டச்பேடை முடக்கும். வெளியே செருகிய யுஎஸ்பி கீபோர்டில் அடிப்பவரின் கை டச்பேட் பக்கம் வராது என்பது அதன் கணக்கு, நியாயமான கணக்குதான். போலிக் கீபோர்டையும் வெளியாள் என்றே எடுத்துக்கொண்டுவிட்டது.

மருந்து நாலு வரி. இடிசி ஃபோல்டருக்குள் இருக்கும் லிப்இன்புட் ஃபோல்டரில் 'லோக்கல்-ஓவர்ரைட்ஸ்' குவர்க்ஸ் ஃபைலை உருவாக்கி, கீடி கீபோர்டை உள்ளே உள்ளதாகக் கருது என்று எழுதினேன். கீடியின் ரீட்மி ஃபைலிலேயே இந்த வரிகள் இருக்கின்றன. ரீஸ்டார்ட் செய்ததும் ஆபரேட்டர் ஒரு பக்கம் அடித்துப் பார்த்தார், கர்சர் அசையவில்லை.

டச்பேடையே அணைத்துவிடச் சொல்லும் யோசனை எனக்குப் பிடிப்பதில்லை. மவுஸ் இல்லாத நேரத்தில் தவித்துப்போவோம். விசை மாற்றும் மென்பொருள் போட்டிருப்பவர்கள் டச்பேடைக் குறை சொல்லும் முன் டிபக்-ஈவென்ட்ஸை ஒரு முறை ஓடவிட்டுப் பாருங்கள்.