உன்சென் மலையில் ஒரு பகல்

யப்பான் தேசத்தின் கியூசூத் தீவில், நாகசாகி நகருக்குக் கிழக்கே, கடலுக்குள் நீண்டு கிடக்கிறது சிமபாராக் குடாநாடு. அதன் நடுவே நிற்பது உன்சென் எரிமலை. வன்னியிலே கண்டாவளையிற் பிறந்து, குளக்கட்டைவிட உயர்ந்த மேடொன்றைக் காணாது வளர்ந்த எமக்கு அம்மலையைக் காட்டவேண்டுமென்று விரும்பினார், நாகசாகியில் எம்மை விருந்தினராக ஏற்றிருந்த போதகர். வைகாசி மாதத்தில் ஒரு காலை, போதகரும் மனைவியாரும், பத்து வயது மகளும், அவளுடைய அம்மம்மாவும், நாம் இருவருமாக ஒரே மோட்டார் வண்டியிற் புறப்பட்டோம்.

முதலிற் கண்ட இடத்தின் பெயரே நரகம்! வெளிறிய மண்ணெங்கும் நீர் கொதித்துக் குமிழியிடுகிறது. கந்தக ஆவி கூழ்முட்டைபோல நாறுகிறது. அந்த ஆவியிலேயே அவித்து விற்கும் முட்டைகளை வாங்கிச் சிறுமி எமது கையில் வைத்தாள். உப்புத் தொட்டு உண்டோம். நாற்றம் மறந்துபோயிற்று.

சற்று மேலே ஒரு சிலுவை நிற்கிறது. 1627ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகளாக, கிறித்து மதத்தைக் கைவிட மறுத்தோரை இக்கொதிநீராலேயே வதைத்தார்கள். அவ்வாறு மாண்ட பவுலோ உச்சிபோரி என்பவரைக் கத்தோலிக்கத் திருச்சபை 2008இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. போதகர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் தொப்பியைக் கழற்றி நின்றார். யப்பானுக்கு 1549இல் இம்மதத்தைக் கொண்டுவந்த பிரான்சிசு சவேரியார், அதற்கு முன்னே முத்துக்குளித்துறையில் எம்மவரிடையே பணிபுரிந்தவர் என்றோம். 1544இல் மன்னாரிலே புதிதாக மதம் மாறியோரை யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி கொல்வித்ததையும் சொன்னோம். நல்லதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த மனம் வரவில்லை.

நீத்தா கணவாயை அடைந்தபோது, சரிவெல்லாம் இளஞ்சிவப்பு மலர்கள். அவற்றுக்கு அப்பால் மொட்டைப் பாறைக் குவியலாக நின்றது எய்சேய் சின்சான். 1990இல் விழித்த எரிமலை ஐந்தாண்டுகளிற் குவித்த சிகரம் அது. 1,483 மீற்றர் உயரம். எம்மைவிட வயதிற் குறைந்த மலையை அன்றுதான் கண்டோம். 1991 யூன் 3ஆந் திகதி, அனல் வாயுவும் சாம்பலும் கற்களும் ஒன்றாகத் திரண்டு அச்சரிவில் பாய்ந்தன. வெளியேறும்படி அறிவிக்கப்பட்டிருந்த பகுதியில் 43 பேர் இறந்தனர். செய்தியாளர், தீயணைப்புத் தொண்டர், வாடகை வண்டிச் சாரதிகள், புகையிலைக் கமக்காரர், எரிமலை ஆராய வந்த வெளிநாட்டார் மூவர் என, அவரவர் வேலையே அவரவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.

பிற்பகலில் அடிவாரத்திற்கு இறங்கினோம். 1992இல் மழை அடித்துவந்த எரிமலை மண்ணில் அமிழ்ந்த 11 வீடுகளை அப்படியே வைத்துக் காக்கிறார்கள். ஓடுகள் மட்டும் தெரிகின்றன. போரினால் ஊரைவிட்டு நீங்கி 2010இல் கண்டாவளைக்குத் திரும்பியபோது எமது வீட்டிற் சுவர் இருந்தது, கூரை இல்லை. இங்கே கூரை இருக்கிறது, சுவரைக் காணோம். படம் பிடிக்கும்படி சிறுமி வேண்டினாள். எமக்குக் கை எழவில்லை. பிறர் இழந்த வீடு என்றாலும் வீடு வீடுதானே.

அதுவரை அதிகம் பேசாதிருந்த அம்மம்மா, மகளிடம் ஏதோ கேட்டார். மகள் ஆங்கிலத்தில் எமக்குச் சொன்னார்: "திரும்பிய அன்று முதலில் என்ன செய்தீர்கள் என்று அம்மா அறிய விரும்புகிறார்."

"கிணற்றை இறைத்தோம். மழை விழுந்ததும் நெல் விதைத்தோம்."

அம்மம்மா நெடுநேரம் தலையசைத்தார். அவருடைய வீடும் மண்ணுள் போனதுதான். அவருடைய ஊரில் எரிமலை கொண்டுவந்த மண்ணையே பரப்பி, நிலத்தைச் சுமார் 6 மீற்றர் உயர்த்தி, அதன் மேல் புதிதாகக் குடியேறினார்களாம். பழைய முற்றம் இப்போதைய முற்றத்தின் கீழே இருக்கிறது என்று காலால் நிலத்தைத் தட்டிக் காட்டினார்.

மாலையில் சிமபாரா நகரை அடைந்தோம். தெருவோரக் கால்வாய்களில் ஊற்றுநீர் ஓடுகிறது. அதில் வண்ண மீன்கள் நீந்துகின்றன. ஒரு சிறு கடையில் கன்சராசி என்னும் பண்டம் வாங்கித் தந்தார்கள். எங்கள் ஆடிக்கூழில் இடும் மாவுருண்டை போன்ற அரிசிமா உருண்டைகளை, ஊற்றுநீரிற் குளிரவைத்து இனிப்புப் பாகில் இட்டுத் தருகிறார்கள். எமது கிண்ணம் முடியுமுன்னே அம்மம்மா இன்னொன்றுக்குச் சொல்லிவிட்டார்.