விலையை உண்டவர்

உப்பளத்தில் கணக்கெழுதும் எனக்குச் சனிக்கிழமை கூலி நாள். 2023ஆம் ஆண்டு மே 13ஆம் நாளும் சனிக்கிழமைதான். மரக்காணத்தில் கோடை உச்சத்தில் இருந்தது. பாத்திகளில் உப்பு கண் கூசும்படி விளைந்து கிடந்தது. வாரி முடித்துக் கரையேறியவர்களின் கைகளில் கூலியை எண்ணி வைத்துவிட்டு மஃரிபுத் தொழுகைக்குப் புறப்பட்டேன். எக்கியார்குப்பத்திலிருந்து மருத்துவமனைக்கு ஆட்களைத் தூக்கிச் செல்கிறார்கள் என்னும் செய்தி அதன் பின்னரே வந்தது.

அவர்கள் குடித்தது சாராயமே அன்று. ஆலைகளில் பயன்படும் மெத்தனால். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வையைப் பறிக்கும். பின்னர் உயிரையும் பறிக்கும். எங்கள் பகுதியில் 14 பேர் மாண்டனர். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு விழுந்தது.

முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் வந்தார், குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தார். காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி, முதலமைச்சர் பதவி விலக வேண்டுமென்றார். தேநீர்க் கடையில் எங்களூர்க் கட்சிக்காரர்கள் இருவர் அடித்துக்கொள்ளாத குறை. "உங்கள் ஆட்சியில்தானே!" என்றார் ஒருவர். "கடைகளை அரசே நடத்தட்டும் என்றது யார் ஆட்சி?" என்றார் மற்றவர்.

இருவர் சொன்னதும் உண்மையே. 1971இல் கலைஞர் ஆட்சி மதுவிலக்கை ஒத்திவைத்தது. 1974இல் மீண்டும் கொணர்ந்தது. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சி மறுபடி திறந்துவிட்டது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் ஜெயலலிதா ஆட்சி சில்லறை விற்பனையையும் அரசின் கையில் சேர்த்தது. பின்வந்தோர் எவரும் அவ்வருவாயை வேண்டாமென்று உதறவில்லை. மதுவிலக்கு ஒன்றே மருந்தென்று சொல்லவும் நா எழவில்லை. மதுவிலக்குள்ள குஜராத்தில், பாரதிய ஜனதா ஆட்சியில், 2022 ஜூலையில் இதே மெத்தனால் 40க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மரக்காணத்திற்கு ஓராண்டு கழித்துக் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மடிந்தபோது, தேநீர்க் கடையில் அதே வாதம் ஓர் எழுத்தும் மாறாமல் நடந்தது.

மது தொடர்பாகப் பத்துப் பேரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக நபிமொழி உண்டு. பிழிபவர், குடிப்பவர், சுமப்பவர், விற்பவர் என நீளும் அவ்வரிசையில் அதன் விலையை உண்பவரும் நிற்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் அரசாங்கத்தையே நினைத்துக்கொள்வேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கூலி வாங்க வந்த மூதாட்டி ஒருவர், பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டே கேட்டார்: "பாக்கெட்டு எங்க விக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா பாய்?"

தெரியும். பல மாதங்களாகத் தெரியும். வாரத்தின் நடுவே முன்பணம் கேட்டு நிற்பவன் எங்கே போவான் என்பதும் தெரியும்; கொடுத்தால்தான் மறுநாள் வேலைக்கு வருவான், உப்பு தங்காமல் கரையேறும் என்பதும் தெரியும். காவல் நிலையத்திற்கு ஒரு கடிதம் எழுத எனக்குக் கை இருந்தது. விற்பவனுக்கு எந்தக் கட்சியில் யார் துணையோ, நமக்கேன் வம்பு என்றிருந்துவிட்டேன்.

"தெரியும்மா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் நின்றவரின் பெயரைப் பேரேட்டில் தேடினேன். முன்பணக் கலத்தில் என் கையெழுத்தே வரிவரியாக இருந்தது.