எட்டுக் கிராம் இரும்பு

மீசாலை

அன்புள்ள மருமகனுக்கு,



இராணுவத்துக்குச் சாமான் செய்கிற கம்பனியில் வேலை வந்திருக்கிறது என்று நீ எழுதின கடிதத்தைப் பட்டறையில் பெடியளுக்கு வாசித்துக் காட்டினேன். உலோகத் தூளைப் பரப்பி, லேசரால் உருக்கி, படை படையாகப் பொருள் வளர்க்கிற மெசின் என்றதை முதலில் ஒருத்தனும் நம்பவில்லை. ஒரு படை 30 முதல் 60 மைக்ரோன், தலைமயிரை விட மெல்லிசு என்று சொன்ன பிறகுதான் வாயைப் பிளந்தார்கள். நாங்கள் லேத்தில் போட்ட கட்டையில் பாதியைச் சீவலாகக் கூட்டி அள்ளுகிறோம். உனக்கு அந்தக் கூட்டுகிற வேலையே இராது. ஜெனரல் எலெக்ட்ரிக் காரர் 20 துண்டுகளைச் சேர்த்துச் செய்த விமான எரிபொருள் நொசிலை இப்போது ஒரே துண்டாக அச்சடிக்கிறார்கள். சென்னை அக்னிகுல் பெடியள் ரொக்கெற் எஞ்சினையே ஒரே துண்டாக எடுத்து, 2024 மே 30 அன்று சிறீஹரிகோட்டாவிலிருந்து பறக்க விட்டார்கள். எங்கள் ஆட்கள் என்று பெருமைதான்.

கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலும், யுத்தச் சாமான் செய்வது இப்போது பெரிய தொழில். ஆவடித் தொழிற்சாலையிலிருந்து 1965 இல் முதல் விஜயந்தா தாங்கி வெளியே வந்தது. 2021 இல் அதே இடத்துக்கு 118 அர்ஜுன் தாங்கிக்கு ஓடர் போனது. 2019 ஜனவரியில் சென்னை, கோயம்புத்தூர், சேலம், ஓசூர், திருச்சியைச் சேர்த்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று தொடங்கினார்கள். பம்புக்குப் பேர்போன கோயம்புத்தூரில் சிறு தொழில்காரரின் சங்கமான கொடிசியா, பாதுகாப்புத் துறைக்கென்றே ஒரு புத்தாக்க மையம் வைத்திருக்கிறது.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் யுத்தச் சாமான் செய்கிற வித்தை புதிசில்லை. போரால் 1990 க்குப் பிறகு கரண்ட் இல்லை. பற்றரி, சீமெந்து, பெற்றோல் எல்லாம் தடை. மோட்டர் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது, சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டோம். அந்தக் காலத்துச் சாமான் ஒன்று ஆனையிறவில் ஏ9 வீதி ஓரத்தில் இன்னும் நிற்கிறது. 1991 யூலைச் சண்டைக்குப் புலிகள் இயக்கம் ஒரு புல்டோசருக்கு இரும்புத் தகடு அடித்துக் கவச வாகனமாக்கி அனுப்பியது. ஹசலக்க காமினி குலரத்ன என்ற சிப்பாய் குண்டோடு அதில் ஏறி, தானும் செத்து அதை நிறுத்தினார். அவருக்கு அங்கே சிலை வைத்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து பஸ்ஸில் வருகிற சனம் இறங்கிப் படம் எடுக்கும். எனக்குக் கண் போவது தகடும் தகடும் சந்திக்கிற மூலைகளுக்குத்தான். உள்ளே இருந்தவன் யாரோ ஒரு பட்டறைக்காரனின் ஒட்டை நம்பித்தானே இருந்திருப்பான்.

நீ போகப் பார்க்கிற வேலையிலும் பயம் அந்த இடத்தில்தான். வார்ப்பில் காற்றுக் குமிழி விழுகிற மாதிரி, அச்சடித்த தைத்தேனியத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத துவாரம் நிற்கும். மேலே எவ்வளவு மினுக்கினாலும் உள்ளே இருக்கிறது இருக்கிறதுதான். அதனால்தான் ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கான் பண்ணுவது போல ஒவ்வொரு துண்டையும் ஸ்கான் பண்ணுகிறார்கள், எந்தத் தூள், எத்தனையாம் தரம் பாவித்தது, எந்த மெசின், எந்த நாள் என்று பதிகிறார்கள் என எழுதியிருந்தாய். எனக்கு லேசரை விட இந்தப் பதிவுதான் பெரிய விசயமாகப் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முகமாலை எங்கள் வீட்டுக்குக் கிட்ட. போர் முடிந்து இத்தனை வருசமாகியும் அங்கே மிதிவெடி எடுக்கிறார்கள். எடுப்பவர்களில் கன பேர் பெண்கள். வெயிலுக்குள் முகக் கவசத்தோடு குந்தியிருந்து, நீட்டுப் பிடி போட்ட இரும்பு வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்க்க வேண்டும். உலோகம் கண்டுபிடிக்கிற கருவி இருக்கத் தக்கதாக வாரி எதற்கு என்று கேட்பாய். வெடியின் கூடு பிளாஸ்ரிக். உள்ளே இருக்கிற இரும்பு சொட்டு. சண்டை நடந்த மண்ணில் அதை விடப் பெரிய இரும்புத் துண்டுகள் ஆயிரம் கிடக்கும். கருவி எதற்கென்று கத்தும்?

1996 இல் திருத்தின ஒரு சர்வதேச உடன்படிக்கையில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1997 க்குப் பிறகு செய்கிற மிதிவெடியில், கருவிக்குப் பிடிபடத் தக்கதாக எட்டுக் கிராம் இரும்புக்கு ஈடான உலோகமாவது இருக்க வேண்டும். எட்டுக் கிராம்! அதைப் போடாமல் விட வேண்டும் என்று வரைபடத்தில் முடிவெடுத்தவனும் உன்னைப் போலப் படித்த எஞ்சினியர்தான். அவனுக்கு அது கெட்டித்தனமான டிசைன். நீ எழுதின பதிவு, பின்னால் வருகிறவன் தேடிப் பிடிக்கத் தக்கதாக வைப்பது; அவன் தேடிப் பிடிக்க முடியாதபடி வைத்தான். முகமாலையில் அந்தக் கெட்டித்தனத்துக்கு யாரோ ஒரு பிள்ளை கால்மாட்டில் மண்ணை வாரிக்கொண்டிருக்கிறாள்.

மிதிவெடியே கூடாது என்ற ஒப்பந்தம் 1997 டிசம்பரில் நீ இருக்கிற கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில்தான் கையெழுத்தானது. இலங்கை 2017 இல் சேர்ந்தது. 2028 யூனுக்குள் எல்லாவற்றையும் எடுத்து முடிக்க வேண்டும் என்பது கெடு.

வேலையை எடுக்காதே என்று நான் சொல்ல மாட்டேன். கையில் தொழில் உள்ள பிள்ளையை வீட்டில் இருத்தி வைப்பது பாவம். இராணுவத்துக்கு என்று வந்தால் எல்லாம் கூடாது என்கிறவனும் இல்லை நான். முகமாலையில் அந்தப் பிள்ளைகள் போட்டிருக்கிற கவசமும் ஒரு தொழிற்சாலையில் செய்ததுதான். முடிந்தால் பரிசோதனைப் பகுதியில் கேள். தூளும் லேசரும் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வருவார்கள், பிழை கண்ட துண்டை ஒதுக்கி வைத்து முதலாளிக்கு முகம் கொடுக்கிறவன் குறைவு.

சம்பளம் எழுதினாய், மெசின் விலை எழுதினாய், லீவும் எழுதினாய். அந்தத் துண்டு போய் எந்தச் சாமானில் பூட்டுப்படுகிறது என்று எழுதவில்லை. கையெழுத்து வைக்க முதல் அதைக் கேட்டு எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் மாமா