சேர்த்தலும் காத்தலும்

கணிப்பொறி என்றதும் திரையும் விசைப்பலகையுமாய் மேசைமீது அமர்ந்திருக்கும் கருவியே நம் கண்முன் தோன்றுகிறது. அதற்கு அப்பால், குளிரூட்டப்பட்ட ஓர் அறையில், இரவும் பகலும் ஓயாது உழைக்கும் வேறொரு வகைக் கணிப்பொறி உண்டு. வங்கியில் பணம் எடுக்கும்போதும், தொடர்வண்டிக்கு இடம் பதியும்போதும், தேர்வு முடிவைத் தேடும்போதும் நமக்கு விடை தருவது அதுவே. உலகம் அதனைச் ‘சர்வர்’ என்கிறது. தமிழில் ‘வழங்கி’ என்கிறோம். கேட்டவர்க்குக் கேட்டதை வழங்குவதால் அப்பெயர் பொருத்தமாகவே அமைந்துள்ளது.

இக்கல்லூரியின் தமிழ்த்துறையில் பயின்று, பின்னர்க் கணிப்பொறிப் பயிற்சி பெற்று, துபாயில் ஒரு வணிக நிறுவனத்தின் வழங்கிகளைப் பேணும் பணியில் பல ஆண்டுகளைக் கழித்தவன் நான். மலருக்குக் கட்டுரை கேட்டபோது, இலக்கியம் பற்றி எழுதத் தகுதியுடையோர் பலர் இருக்க, நான் அறிந்த தொழிலைப் பற்றி எழுதுவதே முறை எனக் கருதினேன். அத்தொழிலிலும் வழங்கிகளை ஒன்றுசேர்க்கும் பணியையே இங்குப் பேச விழைகிறேன். சிக்கனம் எங்கே முடிகிறது, பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதை அப்பணியைப் போல் தெளிவாகக் காட்டிய வேறொன்றை நான் கண்டதில்லை.

தனித்தனி உலைகள்

1990களில் சிறிய வழங்கிகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின. ஒரு வேலைக்கு ஒரு வழங்கி என்பது அக்காலத்து வழக்கம். கணக்குக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, கிடங்கு இருப்புக்கு ஒன்று என அவை பெருகின. ஒன்றில் நேரும் பழுது மற்றொன்றைத் தாக்கக்கூடாது என்பதே அதற்குக் காரணம். அது நியாயமான காரணந்தான். ஆயினும், 2007ஆம் ஆண்டில் எங்கள் நிறுவனத்தில் எண்ணிப் பார்த்தபோது 38 வழங்கிகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை தம் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்தவில்லை.

சும்மா இருக்கும் பொறி மின்சாரத்தைக் குடிக்காது என நாம் எண்ணக்கூடும். உண்மை அவ்வாறில்லை. கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த லூயிஸ் ஆந்திரே பரோசோ, உர்ஸ் ஹோல்சிலே ஆகிய இருவரும் அதே 2007இல் எழுதிய கட்டுரையொன்றில், சிக்கனமான வழங்கிகூட வேலையேதும் செய்யாத நேரத்தில் தன் முழு மின்தேவையில் ஏறத்தாழப் பாதியை எடுத்துக்கொள்கிறது என்று காட்டினர். அந்த மின்சாரம் வெப்பமாகிறது; வெப்பத்தைத் தணிக்கக் குளிர்சாதனத்துக்கு மீண்டும் மின்சாரம் வேண்டும். வளைகுடாக் கோடையில் இந்தச் செலவு எத்தகையது என்பதை அங்கு வாழ்ந்தோர் அறிவர்.

திருமண வீட்டில் விருந்தாளி ஒவ்வொருவருக்கும் தனி அடுப்பு மூட்டி உலை வைப்பார் உண்டோ? பெரிய தேக்சா ஒன்றை ஏற்றி ஊருக்கே சோறாக்குகிறோம். வழங்கிகளை ஒன்றுசேர்த்தல் என்பதும் அதுவே.

இதற்கு வழிசெய்தது மெய்நிகராக்கம் என்னும் உத்தி. ஒரு பெரிய பொறிக்குள் பல பொறிகள் தனித்தனியே இயங்குவதுபோல் அமைக்கும் மென்பொருள் அது. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன்னைத் தனிப்பொறியாகவே கருதி இயங்கும். அடுத்த அறையில் நடப்பது அதற்குத் தெரியாது. இது புதிய சிந்தனையன்று. ஐ.பி.எம். நிறுவனம் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த தன் ஆய்வகத்தில் 1960களிலேயே இதைச் செய்து பார்த்து, 1972இல் வி.எம்./370 என்னும் பெயரில் விற்பனைக்கு அறிவித்தது. மலிவான சிறு பொறிகளுக்கு இவ்வுத்தி வந்து சேரக் கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1998இல் தோன்றிய வி.எம்.வேர் நிறுவனம் 2001இல் வழங்கிகளுக்கான மென்பொருளை வெளியிட்டது. 2003இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ‘சென்’ வந்தது. 2007இல் லினக்சின் கருவிலேயே கே.வி.எம். என்னும் வசதி சேர்க்கப்பட்டது.

எங்கள் 38 வழங்கிகள் நான்கு பெரிய பொறிகளுக்குள் அடங்கின. ஓர் அறை முழுதும் நிறைந்திருந்த இரைச்சல் ஒரு மூலைக்கு ஒதுங்கிற்று. நிருவாகத்தினர் மகிழ்ந்தனர். மகிழ்ச்சிக்கு உரிய செயலே அது. ஆனால் அந்த நான்கு பொறிகளுக்குள் புகுந்தவை வெறும் எண்களா என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

யாருக்கும் தெரியாத பொறி

ஒன்றுசேர்க்கும் பணியில் முதற்படி பட்டியலிடுதல். ஒவ்வொரு வழங்கியும் யாருடையது, என்ன செய்கிறது, யார் அதை நம்பியிருக்கிறார்கள் என்று எழுத வேண்டும். 37 பொறிகளுக்கு விடை கிடைத்தது. முப்பத்தெட்டாவதைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மேலே ஒட்டியிருந்த சீட்டின் எழுத்து மங்கிப்போயிருந்தது. ஒரு மாதம் கண்காணித்தோம். எவரும் அதனுள் நுழையவில்லை. ‘அணைத்துத் தூக்கிப் போடுங்கள்’ என்று கணக்குப் பிரிவிலிருந்து சொன்னார்கள்.

எங்கள் மேலாளர் இசையவில்லை. “மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் வேலை உண்டு, ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் வேலையும் உண்டு. ஒரு மாத மௌனத்தை வைத்து ஒரு பொறி செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது” என்றார் அவர். பணியாளர் பிரிவில் நெடுநாள் இருந்த ஓர் எழுத்தரிடம் சென்று கேட்டோம். அவர்தாம் விடை சொன்னார். புதிய சம்பள மென்பொருள் வருவதற்கு முன்னர்ச் சேர்ந்த தொழிலாளர்களின் பணிப்பதிவுகள் அதில் இருந்தன. அவர்களுள் ஒருவர் வேலையை விட்டு ஊர் திரும்பும்போது மட்டுமே அதைத் திறப்பார்களாம்.

அமீரகச் சட்டப்படி, பணி முடித்துச் செல்லும் தொழிலாளிக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 30 நாள் சம்பளமும் பணிக்கொடையாக உரியவை. இருபது ஆண்டு உழைத்தவர்க்கு 105 நாளும் 450 நாளுமாக 555 நாள் சம்பளம் சேரும். முற்பகுதியான 12 ஆண்டுகளின் பதிவு அழிந்து, எஞ்சிய 8 ஆண்டுகளுக்கே சான்று இருந்தால் அது 195 நாளாகக் குறைந்துவிடும். இடையில் மறைவது 360 நாள் சம்பளம். கொளுத்தும் வெயிலில் பெட்டி சுமந்தவர் ஒருவர் தம் மகளின் திருமணத்துக்கென நம்பியிருந்த பணம் அது. மங்கிய சீட்டொன்றுக்குப் பின்னால் அத்தனை குடும்பங்கள் நின்றுகொண்டிருந்தன.

அப்பொறியையும் சேர்த்தோம், அணைக்கவில்லை. வழங்கி நிருவாகம் பொறிகளை ஆளும் தொழில் என்று அதுவரை எண்ணியிருந்தேன். பிறர் நம்பிக் கொடுத்ததைக் காக்கும் தொழில் அது என்பது அன்று விளங்கியது.

தாங்கும் கணக்கு

சேர்த்தபின் காக்க வேண்டும். தனித்தனியே இருந்தபோது ஒரு பொறி பழுதானால் ஒரு வேலை நின்றது. சேர்ந்தபின் ஒரு பொறி பழுதானால் பத்து வேலைகள் நிற்கும். தேக்சா அடிப்பிடித்தால் பந்தி முழுதும் பட்டினிதான்.

இதற்கு எளிய கணக்கொன்று உண்டு. நான்கு பொறிகள் இருந்தால், ஒன்று விழும்போது மற்ற மூன்றும் அதன் சுமையை ஏற்க வேண்டும். ஒவ்வொன்றும் தன் ஆற்றலில் 70 விழுக்காடு சுமந்தால் மொத்தச் சுமை 280. மூன்று பொறிகள் 300 வரை தாங்கும், தப்பித்தோம். ஒவ்வொன்றும் 80 சுமந்தால் மொத்தம் 320. மூன்றால் தாங்க இயலாது. ஆகவே நான்கில் ஒரு பங்கு இடத்தை எப்போதும் வெறுமையாக வைத்திருத்தல் வேண்டும். ‘இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே’ என்று செலவுக் கணக்குப் பார்ப்போர் கேட்பர். அந்த வெறுமை வீணன்று; அதுவே காவல் என்று எடுத்துச் சொல்லும் துணிவு நிருவாகிக்கு வேண்டும்.

இரட்டையாக வைத்துள்ள வழங்கிகளை ஒரே பொறிக்குள் வைத்தலும் ஆகாது. வாசலுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து வைப்பதற்கு அது ஒப்பாகும்.

ஒரே நிறுவனத்தின் மென்பொருளை நம்பி எல்லாவற்றையும் சேர்ப்பதிலும் இடர் உண்டு. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வி.எம்.வேரை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை விலை கொடுத்து என்றைக்கும் பயன்படுத்தும் உரிமத்தின் விற்பனை நிறுத்தப்பட்டு, காலந்தோறும் கட்டணம் செலுத்தும் முறை வந்தது. வெளியேறும் வழியையும் எண்ணியே உள்ளே நுழைய வேண்டும் என்பதை உலகெங்கும் பல நிருவாகிகள் அப்போது உணர்ந்தனர்.

டேஜான் தரும் பாடம்

சேர்த்தலின் நன்மையையும் இடரையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி தென்கொரியாவில் நடந்தது. அந்நாட்டு அரசு, அமைச்சகங்கள் தனித்தனியே வைத்திருந்த கணிப்பொறிகளை ஒன்றுசேர்க்கும் நோக்கில் 2005இல் டேஜான் நகரில் தேசிய மையமொன்றை அமைத்தது. மின்னாளுகையில் அந்நாடு உலகில் முன்வரிசையில் நின்றதற்கு இத்தகைய மையங்களும் துணைபுரிந்தன.

2025 செப்டம்பர் 26ஆம் நாள் இரவு, அந்த மையத்தில் லித்தியம் மின்கலங்களை இடம்மாற்றும் பணியின்போது தீப்பிடித்தது. அரசின் 600க்கும் மேற்பட்ட கணிப்பொறி அமைப்புகள் செயலிழந்தன. அஞ்சலகச் சேவை முதல் அடையாள அட்டை வரை மக்கள் பணிகள் தடைப்பட்டன. படிகள் இருந்தவை மெல்ல மெல்ல மீண்டன. ஆனால் அரசு ஊழியர்கள் தம் கோப்புகளைச் சேமித்துவந்த ‘ஜி-டிரைவ்’ என்னும் பெருஞ்சேமிப்பகம் மீளவில்லை. அதிலிருந்தவை 858 டெராபைட் அளவு தரவுகள். அளவு மிகப் பெரியதாகையால் அதற்கு வெளியிடத்தில் படி எடுத்து வைக்கப்படவில்லை.

படி எடுக்க முடியாத அளவு பெரியது என்றால், ஓரிடத்தில் மட்டும் வைக்க முடியாத அளவு அரியது என்றே பொருள் கொள்ள வேண்டும். இதுவே அந்தத் தீ நமக்குச் சொல்லும் பாடம்.

எங்கள் தொழிலில் ஒரு நெறி வழங்கி வருகிறது. மூன்று படிகள் வேண்டும்; அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும்; ஒன்றேனும் வேறிடத்தில் இருக்க வேண்டும். ஒரு கணத்தின் நிலையைப் பிடித்து வைக்கும் வசதி மெய்நிகர் வழங்கிகளில் உண்டு. அது பெரும்பாலும் அதே வட்டில் தங்குவதால் படியாகக் கருதப்படாது. வட்டு எரிந்தால் அதுவும் எரியும். படி எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத படி, பூட்டிய பெட்டிக்குள் பணம் இருக்கிறது என்னும் நம்பிக்கையைப் போன்றது.

தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது, ஏட்டுப் பிரதிகள் பல இடங்களில் பலரிடம் சிதறிக் கிடந்ததனால். ஒரு படியில் செல்லரித்த இடத்தை மற்றொரு படி நிரப்பியது. எல்லா ஏடுகளும் ஒரே பேழையில் இருந்து, அப்பேழை ஆற்றோடு போயிருந்தால், பதிப்பாசிரியர் எவ்வளவு பெரியவராயினும் என்ன செய்திருக்க இயலும்?

எழுத்தின் பணி

இறுதியாக ஒன்று. எத்தனையோ வழங்கி அறைகளில் நான் கண்ட பெருங்குறை, பொறியின் குறையன்று; எழுத்தின் குறை. எது எங்கே இருக்கிறது, விழுந்தால் எதை முதலில் எழுப்ப வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்பன ஒரே ஒருவரின் தலைக்குள் இருக்கும். அவர் விடுப்பில் போனால் நிறுவனமே தடுமாறும். பொறிகளை ஒன்றுசேர்க்கலாம், அறிவை ஒருவரிடம் மட்டும் சேர்த்துவைத்தல் தீது. நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு வரும் புதிய ஊழியரும் ஐயமின்றிப் படித்துச் செய்யும்படி பத்து வரி எழுதுவது எளிதன்று. ஒரு சொல்லுக்கு இரு பொருள் வராமல் எழுதும் பயிற்சியை இத்துறையின் வகுப்பறைகளே எனக்குத் தந்தன. மொழி படித்தவர்க்குத் தொழில்நுட்ப உலகில் இடமில்லை என்று எண்ணும் மாணவர் எவரேனும் இருப்பின், இதனை நினைவிற் கொள்க.

நிறுவனங்களை நடத்தும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். மாணவரின் மதிப்பெண்ணும் ஆசிரியரின் பணிப்பதிவும் இன்று ஏதோ ஒரு பொறிக்குள் தங்கியுள்ளன. அவற்றை ஒன்றுசேர்க்கும் திட்டம் உங்கள் மேசைக்கு வரும்போது, எவ்வளவு மிச்சமாகும் என்று கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். அதனுடன் மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேளுங்கள். இதனை நம்பியிருப்போர் யார்? இது விழுந்தால் சுமப்பது எது? இதன் படியிலிருந்து கடைசியாக மீட்டுப் பார்த்த நாள் எது? இம்மூன்றுக்கும் தேதியோடும் பெயரோடும் விடை சொல்ல வல்லவரிடம் சாவியைக் கொடுங்கள். சேர்ப்பதற்குச் சில வாரங்கள் போதும். காப்பதோ, அப்பொறியை நம்பிய கடைசி மனிதர் தமக்குரியதைப் பெற்றுக்கொள்ளும் நாள் வரை நீளும் பணி.