ஒண்ணும் பண்ணாது ஸார்!

நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் பார்க்கில் தினமும் சொல்கிற வசனம் ஒன்று இருக்கிறது. 'ஒண்ணும் பண்ணாது ஸார்... சும்மா மோந்து பார்க்கும்!' அதைக் கேட்கிற ஆசாமி அந்நேரம் சிமெண்ட் பெஞ்ச் மேல் ஏறி நின்றுகொண்டிருப்பார்.

பொய் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் அது நிஜம்தான். பார்க்கில் அது வெறும் நம்பிக்கை. நம்ம நம்பிக்கைக்கு அடுத்தவர் கெண்டைக்காலைப் பணயம் வைக்கலாமா?

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. என்ன ஜாதி என்று கேட்டால், 'அக்மார்க் தெரு' என்பேன். தினமும் காலை ஆறு மணிக்கு அவன் என்னை வாக்கிங் கூட்டிப் போகிறான். நான் பி.காம். ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று உண்டு என்று மூன்று வருஷம் மண்டையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். பார்க்கிலும் அதே கணக்குதான். மணியின் சந்தோஷம் வரவு. நான் செய்ய வேண்டியதெல்லாம் பற்று.

முதல் பற்று, சங்கிலி. 2024 மே மாதம் சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறின. அதன்பிறகு, பூங்காவுக்கு வரும் நாய்க்குச் சங்கிலியும் வாய்மூடியும் வேண்டும் என்றது மாநகராட்சி. வாய்மூடி வாங்கினால் கூடை மாதிரி உள்ளதாகப் பாருங்கள். நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. இறுக்கிக் கட்டினால் பாவம், திணறிப்போகும்.

இரண்டாவது பற்று, பை. மணி 'கடமை'யை முடித்ததும் நான் குனிந்து அள்ளுவதைப் பார்த்து ஆபீஸ் நண்பன் சிரித்தான். "உரம்தானே மாப்ளே, செடிக்கு நல்லதுடா!"

இல்லை மாப்ளே. அதில் உருளைப்புழு, கொக்கிப்புழு முட்டைகள் இருக்கலாம். மண்ணில் கலந்தால் அங்கேயே தங்கிவிடும். அந்த மண்ணில்தான் குழந்தைகள் செருப்பில்லாமல் ஓடுகிறார்கள். மாசக் கடைசியில் நாம் அள்ளாத ஃபைலா? இதையும் அள்ளலாம்!

மூன்றாவது, ஊசி. ரேபிஸ் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால், அநேகமாக உயிர் தப்பாது. குட்டிக்கு மூன்று மாசத்தில் முதல் ஊசி, அப்புறம் டாக்டர் சொல்கிறபடி வருஷா வருஷம். மீறி யாரையாவது நாய் கடித்துவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு எல்லாம் வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, நேரே ஆஸ்பத்திரி.

மணிக்கும் பார்க்கில் ஓர் உரிமை உண்டு. வெயில் ஏறியபின் சிமெண்ட் பாதையில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வையுங்கள். சுட்டால் அவன் பாதத்துக்கும் சுடும். அவனுக்கு ஷூ கிடையாது ஸார்!

எங்கள் பார்க்குக்குத் தாத்தாவோடு ஒரு பையன் வருவான். மணியைக் கண்டதும் தாத்தாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். நான் சங்கிலியைச் சுருக்கிப் பிடித்து, ஓரமாக ஒதுங்கி வழிவிடுவேன். 'பயப்படாதே'ன்னு ஒருநாளும் சொன்னதில்லை. பயப்பட அவனுக்கு உரிமை இருக்கிறது. பார்க் அவனுக்கும் சொந்தம்.

மூணு மாசம் இப்படியே போச்சு. போன வாரம், பத்தடி தள்ளி நின்று, முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"அங்கிள், இது பேரு என்ன?"

"மணி."

பையன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "ஹை! எங்க தாத்தா பேரும் மணிதான்!"

தாத்தா என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். மணி மட்டும் இரண்டு பேருக்கும் பொதுவாக வாலை ஆட்டினான்.

அன்றிலிருந்து பார்க்கில் நான் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.